புருஷன் பேரைச் சொன்னவள்

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்த இரண்டாவது வருஷம் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பெண்களுக்குத் திடீரென்று மவுசு கூடியது. அதுவரை கறுப்பு, தெத்துப்பல், வாயாடி, அப்பன் இல்லாதவள் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு குறை சொல்லித் தட்டிக் கழித்த பையன்களெல்லாம் வெற்றிலையோடு எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயத்து வாசலுக்கு வந்து நின்றார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், கல்யாணம் ஆகாதவனைத்தான் முதலில் லாரியில் ஏற்றுகிறார்கள் என்று பீடோங் சந்தைக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த சேதிதான் காரணம்.

ஒரே வாரத்தில் எங்கள் மாரியம்மன் கோயிலில் மூன்று கல்யாணம் நடந்தது. தங்கத்துக்கு எங்கே போவது? மஞ்சள் துண்டை நூலில் முடிந்து கட்டினார்கள். கல்யாணச் சாப்பாடு மரவள்ளிக் கிழங்கு. முப்பத்தைந்து வயதில் கால் தாங்கி நடந்துகொண்டிருந்த ஒருத்திக்கு இருபத்திரண்டு வயது மாப்பிள்ளை அமைந்தான். ஊரே சிரித்தது.

"எனக்குத் தெரியாதா புள்ள? இவன் என்னையா கட்டுறான், லாரிக்குப் பயந்து கட்டுறான்" என்று அவள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, தலையில் வைக்கப் பூ எங்காவது கிடைக்குமா என்று கேட்டாள். நானும் சிரித்த கூட்டத்தில் ஒருத்திதான். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அம்மாவும் நானுமாக லயத்தின் கடைசிக்கு முந்திய வீட்டில் இருந்தோம்.

எனக்கும் ஒருவர் இருந்தார். ரப்பர்ப் பால் கொட்டகையில் தகடு உருட்டுகிறவர். தாய் தகப்பன் இல்லை. இரண்டு வருஷமாக நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போவேன், அவர் மெஷினை உருட்டியபடி பார்ப்பார், நான் பார்க்காதது போல் பார்ப்பேன். அவ்வளவுதான் எங்கள் காதல். ஆனால் தோட்டத்தில் அது எல்லாருக்கும் தெரியும். கட்டினால் இவளைத்தான் என்று அவரும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

அதனால் வெட்கத்தை விட்டு நானே போய்க் கேட்டேன். "எல்லாரும் கட்டுறாங்க. நாமளும் கட்டிக்குவோம்."

"அவனுங்க பயந்துக்கிட்டு கட்டுறானுங்க. பொம்பள முந்தானையில ஒளிஞ்சான்னு நாளைக்கு என்னையும் சொல்லவா? இந்த ஓட்டம் அடங்கட்டும். ஒழுங்கா, மேளம் வச்சு கட்டுறேன்."

"லாரி வந்து நின்னா?"

"நின்னா நிக்கட்டும். ஆம்பளைக்கு எல்லாம்தான் வரும்."

அந்தப் பேச்சில் எனக்குப் பெருமைதான். மற்றவர்களைப் போல் இல்லாமல் என்னை எனக்காகவே கட்டப் போகிறவர் என்று கர்வத்தோடு வீடு திரும்பினேன். மேளம் வைக்கிறாராம்! தோட்டத்தில் மேளத்தோலை வறுத்துத் தின்னாத குறை, அவருக்கு மேளம் வேண்டியிருந்தது.

அடுத்த வீட்டில் ஓர் அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. எங்களுக்கு நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரை வரை எட்டாது. அந்தப் பக்கம் அவள் இருமினால் இந்தப் பக்கம் நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன். அப்படிப் பழக்கம். என் காதலுக்குத் தூதும் அவள்தான், காவலும் அவள்தான்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. பெண்கள் யாருமே புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் இவள் அதில் ஒரு படி மேல். அவள் புருஷனுக்குச் சாமி பேர். கோயிலில் பாட்டுப் பாடும்போது அந்தச் சாமி பேர் வந்தால் வாயை மூடிக்கொண்டு, அடுத்த சொல்லில் வந்து சேர்ந்துகொள்வாள். பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாளாம். நான் அவளைச் சீண்டுவதற்காகவே அந்தப் பேரைக் கத்திச் சொல்லுவேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அரிசிக் கார்டுக்குப் பேர் பதிய வந்தபோதும் அவள் என் கையைக் கிள்ளினாள், நான்தான் அவள் புருஷன் பேரை, கணக்கு எழுதும் கிராணியிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் சொல்வது வழக்கம்தான், அதில் அதிசயம் எதுவும் இல்லை.

லாரிகள் ஒரு காலையில் பெரட்டுக்கு வந்தன. பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் இடம். வெள்ளைக்காரத் துரை காலத்தில் வெறுமனே நின்ற இடத்தில், இப்போது இடுப்பு வளைந்து கும்பிட்டு, ஜப்பான் பாஷையில் எண்ணிக்கொண்டு நின்றோம். கும்பிடுகிற வளைவு போதவில்லை என்றால் அறை விழும். அன்றைக்கு வந்தவன் இடுப்பில் வாள் கட்டிய ஓர் அதிகாரி. ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் நிறுத்தினான். கல்யாணம் ஆகாதவன் எல்லாம் முன்னால் வா என்று எங்கள் கிராணியை விட்டுச் சொல்லச் சொன்னான். நாலைந்து பேர்தான் வந்தார்கள். என்னவரும் அதில் இருந்தார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பெரிய தோட்டத்தில் எல்லாரும் கல்யாணம் ஆனவர்களா? ஆபீசில் பார்க்கலாம் என்றால், துரை ஓடும்போது காகிதங்களை எல்லாம் எரித்துவிட்டு ஓடியிருந்தார். அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். ஒவ்வொரு பெண்ணும் முன்னால் வந்து தன் புருஷன் பேரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த ஆள் வீட்டுக்குப் போகலாம். சொல்லத் தெரியாதவள் பொய்க்காரி, அவள் புருஷன் என்று நிற்கிறவன் லாரியில் ஏற வேண்டும்.

கிராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்கள் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள், அது வழக்கம் என்று அவர் விளக்கப் பார்த்தார். விழுந்த அறையில் மூக்குக் கண்ணாடி தெறித்துப் போய் விழுந்தது. அதற்குமேல் அதிகாரி சொன்னதை மட்டும் அவர் திருப்பிச் சொன்னார்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. போன வாரம் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவளுக்கெல்லாம் பேர் சுலபமாக வந்தது, கட்டிய ஆளை நேற்று வரைக்கும் பேர் சொல்லித்தானே அழைத்தாள். கால் தாங்கி நடந்தவள் தெளிவாகச் சொன்னாள், அவளுடைய பையன் பிழைத்தான். பத்து வருஷம், பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் நாக்கு எழவில்லை. ஒருத்தி விரலை நீட்டிக் காட்டினாள், செல்லாது என்றான். ஒருத்தி தன் மகன் பேரைச் சொல்லி, அவனோட அப்பா என்றாள், அதுவும் செல்லாது என்றான். சிலர் கண்ணை மூடிக்கொண்டு அழுதபடியே சொல்லித் தப்பித்தார்கள். சொல்ல முடியாதவர்களின் புருஷன்மார் ஒவ்வொருவராக லாரிப் பக்கம் போனார்கள்.

நான் கல்யாணம் ஆகாதவள், கூட்டத்தின் ஓரத்தில் அம்மாவோடு நின்றேன். அவர் லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அப்போது எனக்கு ஒரே ஒரு நினைப்புதான். அந்தப் பேர் என்னிடம் இருக்கிறது. அதைச் சொன்னால் போதும். அம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டு வரிசைக்குள் போய் அக்காவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். என் முறை வந்ததும் தலையை நிமிர்த்தி அவர் பேரைச் சொன்னேன். தகப்பன் பேரையும் சேர்த்துச் சொன்னேன்.

பெரட்டே அடங்கிப்போனது. நான் யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கிராணிக்கும் தெரியும். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு அதிகாரியிடம் ஏதோ சொன்னார். கல்யாணம் ஆகாதவர்கள் வரிசையில் இந்த ஆள் ஏன் நின்றான் என்று அதிகாரி கேட்டிருக்க வேண்டும், புத்தி கொஞ்சம் மட்டு என்று கிராணி தன் தலையைத் தட்டிக் காட்டினார். லாரிப் பக்கம் நின்ற என்னவர் நகரவே இல்லை. "போய்யா, வீட்டுக்குப் போ" என்று கிராணி கத்திய பிறகுதான் நகர்ந்தார். அதிகாரிக்கு என் குரல் பிடித்துவிட்டது. மனைவி என்றால் இப்படிப் பேச வேண்டும் என்றானாம். கிராணி அதையும் திருப்பிச் சொன்னார்.

அடுத்தது அக்கா.

அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. திரும்பவும் திறந்தாள். எதிர் வரிசையிலிருந்து அவள் புருஷன், "பரவால்ல, சொல்லு. நான்தான் சொல்றேன்ல, சொல்லும்மா" என்று கெஞ்சினார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பிறகு, பழக்கப்படி, என் முழங்கையைக் கிள்ளினாள்.

"நீ சொல்லு புள்ள."

எனக்குத் தெரிந்த பேர். நூறு தடவை கத்திச் சொல்லிச் சீண்டிய பேர். ஆனால் வாயைத் திறந்தால் அதிகாரி மறுபடி என்னைப் பார்ப்பான், இவளுக்கு எத்தனை புருஷன் என்று கேட்பான், கிளறினால் என் பொய் வெளியே வரும், அவர் லாரியில் ஏறுவார். இதெல்லாம் நான் நின்று யோசித்ததாகச் சொல்ல மாட்டேன். பயந்தேன், அவ்வளவுதான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா இன்னொரு தடவை கிள்ளினாள். அந்த இடம் நாலு நாள் கன்றிப்போய் இருந்தது.

அதிகாரி கையை வீசினான். லாரி கிளம்பியபோது அக்கா பின்னாலேயே ஓடினாள். அப்போதும் அவள் கூப்பிட்டது "ஏங்க, ஏங்க" என்றுதான். லாரியில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள், எத்தனை பேர் தங்கள் வீட்டுக் குரல் என்று திரும்பிப் பார்த்தார்களோ.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். எனக்கு ஒரே பொய்யில் முடிந்தது. அன்று சாயங்காலமே தாலி கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் என் மானமும் போகும், பொய்யும் வெளிப்படும். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று அம்மா சொல்லிக்கொண்டே மஞ்சளை நறுக்கினாள். அவர் கட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேளத்துக்குப் பதிலாக எங்கள் லயத்திலேயே ஏழெட்டு வீடுகளிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. ஊரில் ஒருவரும் வரவில்லை.

அதற்குப் பிறகு என்னோடு யாரும் பேசவில்லை. கிணற்றடியில் நான் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று அம்மா சமாதானம் சொன்னாள். ஊர் வாயைத் திறந்து திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமினால் நான் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவருக்கு வேறு விதமான தண்டனை. பால் கொட்டகையில் ஆண்கள் அவரைப் பொம்பள வாயால் மீண்டவன் என்று கூப்பிட்டார்கள். பயந்து கல்யாணம் செய்தவனைக்கூட அவர்கள் மன்னித்தார்கள். பெண் பேசிக் காப்பாற்றியவனை மன்னிக்க அவர்களுக்கு மனம் இல்லை. அவர் பாயை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு முன்பக்கத்து அஞ்சடித் திண்ணையில் படுக்க ஆரம்பித்தார். என்னை அடித்ததில்லை, ஏசியதில்லை. நான் வைத்த கிழங்கைத் தின்றுவிட்டுப் போவார். யாருக்காக அத்தனை பாவத்தைச் சம்பாதித்தேனோ, அந்த மனுஷன் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பார், எனக்கு அவர் இல்லை. அந்தத் தனிமையை யாரிடம் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

ஒரு தடவை மட்டும் பேசினார். "நீ சொன்னப்ப நான் நகராம நின்னுருக்கணும்."

"நின்னிருந்தா சயாம்ல செத்திருப்பீங்க."

"செத்திருப்பேன், ஆம்பளையா."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சட்டியை வீசினேன். "ஆம்பளையாம் ஆம்பள! பொணத்துக்கு மீச வச்சு என்ன பண்றது?" சட்டிதான் உடைந்தது, அந்தக் காலத்தில் வேறு சட்டி வாங்கவும் முடியாது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு அவரை நாலு மாதம் வீட்டில் வைத்தது. பக்கத்து டவுனான சுங்கை பட்டாணியில் பெரிய கூட்டம் நடந்தது, இந்தியாவின் விடுதலைக்குச் சண்டை போட ஆள் சேர்க்கிறார்கள் என்று. நானும் அவர் பின்னால் நடந்தே போனேன். மேடையில் பேசியவர் ஆண் என்றால் யார், கோழை என்றால் யார் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மேடைக்குக் கீழே முடியை வெட்டிக்கொண்ட பெண்கள் கால்சட்டை போட்டுத் துப்பாக்கியோடு வரிசையாக நடந்தார்கள். எங்களைப் போல் பால் வெட்டும் பெண்கள்தான், கையைப் பார்த்தாலே தெரிந்தது. வெட்கமில்லாமல் சத்தம் போட்டார்கள், அதற்கு ஆண்கள் கை தட்டினார்கள். பெரட்டில் நான் சத்தம் போட்டதற்கு ஊர் என்னை ஒதுக்கியது, இவர்களுக்கு மாலை போட்டது. அந்தப் பெண்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவர் அங்கேயே பேர் கொடுத்துவிட்டார். ஒரு வாரத்தில் காக்கி உடுப்போடு வந்தார். நிமிர்ந்து நடந்தார். கல்யாணமான பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், என் கையைக்கூடப் பிடித்தார். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கையை என்னிடம் கொடுத்தது காக்கிச் சட்டை. நானாகச் சம்பாதித்தது இல்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது.

வழியனுப்ப ஊரே வந்தது. நாலு மாதமாகப் பேசாத பெண்கள் என் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். வீரன் பெண்டாட்டியாம். கொட்டகை ஆண்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். அக்கா மட்டும் கதவைத் திறக்கவில்லை.

பர்மாப் பக்கம் போனதாகக் கேள்வி. வேறு ஒன்றும் கேள்விப்படவில்லை. ஜப்பான்காரன் தோற்ற பிறகு அந்தச் சேனையிலிருந்து திரும்பியவர்களிடம் எல்லாம் போய்க் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அக்காவுக்காவது முடிவு தெரிந்தது. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்த ஒருவர், போன மூன்றாம் மாதமே அக்கா புருஷன் காலராவில் இறந்துவிட்டதாகச் சொன்னார். அவர் முகாமில் கடைசியாகத் தண்ணீர் கேட்டதைச் சொன்னார். அக்கா அதை நின்றுகொண்டே கேட்டாள்.

துரைமார் திரும்பி வந்தார்கள், பால் வெட்டுத் தொடங்கியது. யார் வைத்த விதியோ, எனக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து நிரை கொடுத்தார்கள். ஒரே மரவரிசையின் இரண்டு பக்கம். ஐந்து வருஷம் அப்படி வெட்டினோம். மழை வருகிறது, கத்தியைக் கொடு, பாம்பு போகிறது. இதற்கு மேல் பேச்சு கிடையாது. அவள் வெள்ளைப் புடவை. நான் குங்குமத்தை வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல், சில நாள் வைத்தும் சில நாள் வைக்காமலும் இருந்தேன். அம்மாவும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சுவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருத்தி தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, விளக்கை அணைத்தோம்.

ஒருநாள் வெட்டி முடித்து, பால் வடியட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். அவள் அவளுடைய மரத்தடியில், நான் என்னுடைய மரத்தடியில். என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் அடக்கி வைத்ததைச் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு பயந்துட்டேன்க்கா. நான் சொல்லியிருக்கணும்."

அவள் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"கோவந்தான் எனக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உன்மேல பாதிதான்" என்றாள். "பேரு சொன்னா ஆயுசு கொறயும்னாங்க. அவரே சொல்லு சொல்லுங்குறாரு, நான் தலைய ஆட்டுறேன். அந்த நேரத்துலயும் அவர நான் காப்பாத்துறதா நெனச்சேன் புள்ள."

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தள்ளவில்லை. என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அவரு பேர கேட்டு ரொம்ப நாளாச்சு. கூப்புட ஒரு புள்ளகூட இல்ல. ஊர்ல யாரும் அந்தப் பேச்ச எடுக்குறதில்ல. நீ ஒரு தடவ சொல்லேன்."

"நீங்களே சொல்லலாமேக்கா. இனிமே என்ன?"

"எனக்கு வரல. தனியா இருக்கிறப்ப சொல்லிப் பாத்தேன். வர மாட்டேங்குது."

சொன்னேன். அக்கா காதைப் பொத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றாள்.

எழுந்து நின்று, அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய சத்தத்தில் சொன்னேன்.